பீடியை விட்டதை எப்படி அறிவது?
தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, புகைப்பதை விடும்படி எத்தனை பேருக்கு அறிவுரை சொன்னோம் என்ற கணக்கோடு நிறுத்திவிடக் கூடாது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, மருத்துவ உதவி நாடிய புகைப்பவர்களில் 48.8 சதவீதம் பேருக்கு அந்த அறிவுரை கிடைத்தது. அவர்களில் யார் விட்டார்கள்? 15 விநாடி மூச்சை அடக்கிச் சிறு கருவியில் மெல்ல ஊதினால், புகையால் உடலில் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு தெரியும். ஆனால் அது ஓரிரு நாளில் வடிந்துவிடும். நிகோட்டின் உடலில் மாறி உண்டாகும் கோட்டினின் சிறுநீரில் இன்னும் சில நாள் தங்கும். காவிரி டெல்டாவில் இங்கேதான் சிக்கல். பீடியை விட்டவர் வெற்றிலை சீவலோடு புகையிலை போட்டாலும் கோட்டினின் இருக்கும். விறகடுப்புப் புகை மோனாக்சைடைக் கூட்டும். ஆகவே இரண்டு சோதனையோடு, ஆளிடம் பொறுமையாகப் பேசிக் கேட்பதும் வேண்டும்.

ஆறு மாதம் கழித்து மறுசோதனைக்கு வராதவரைப் புகைப்பவராகவே எண்ணுவது ஆய்வு வழக்கம். சம்பா அறுவடைக்குப் போனவருக்கு இது அநியாயமில்லையா? ஓரளவு உண்மைதான். ஆனால் மறுபடி தொட்டவர்தான் கூச்சப்பட்டு ஒதுங்குவார். வந்தவர்களை மட்டும் எண்ணினால் வெற்றி பொய்யாகப் பெருகும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கே வரும் ஊழியர், பீடியை விட்டாரா என்ற கேள்வியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.