கடைக்கு இடம் ஒதுக்கினீர்கள், குடும்பத்துக்கு?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது பழமொழி. நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. கடையையும் வீட்டையும் ஒரே மனையில் கட்டிப் பார்ப்பதுதான் அது.

நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவருக்கு இருபதடி அகலம், அறுபதடி நீளத்தில் மனை. வரைபடம் போட வந்தவரிடம் அவர் சொன்னது, "கடை எவ்வளவு பெரிதாக வருமோ அவ்வளவு போடுங்கள்; மிச்சத்தில் வீடு" என்பதுதான். அப்படியே கட்டினார்கள். கீழே கடையும் சரக்கறையும், மேலே வீடு. மாடிப்படி கடைக்குள்ளிருந்தே ஏறியது.

மூன்றாம் வருஷம் தாயாருக்கு மூட்டுவலி. படி ஏற முடியவில்லை. கீழே படுக்க இடமில்லை, குளியலறையும் இல்லை. பருப்பு மூட்டைகளை ஒதுக்கி, சரக்கறை மூலையில் கட்டில் போட்டார்கள். வருவோர் போவோர் கண்ணெதிரே அந்த அம்மாள் இரண்டு வருஷம் கிடந்தார். "கடையில் இரண்டு அலமாரி குறைந்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?" என்று இன்றும் வருந்துகிறார் மகன்.

முதலில் பட்டியல்

சரக்கு வாங்கும் முன் பட்டியல் போடுகிறோமல்லவா? வீட்டுக்கும் அதுவே முதல் வேலை. வீட்டில் யார் யார், அவரவர் வயது என்ன, பத்து வருஷம் கழித்து என்ன வயது? விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போகிறவர் யார்? இரவு பத்தரைக்குக் கடையை மூடிச் சாப்பிட வரும்போது பிள்ளைகள் தூங்குவது எங்கே? மதியம் கல்லாவில் உட்காருவது வீட்டம்மா என்றால் அடுப்பும் கல்லாவும் எவ்வளவு தூரம்? பெண்களைக் கேட்காமல் சமையலறையை முடிவு செய்யாதீர்கள். அங்கே நிற்கப்போவது அவர்கள்தான்.

பெரியவர்களுக்குக் கீழ்த்தளம்

கீழே பத்துக்குப் பத்தில் ஓர் அறையும் அதை ஒட்டிக் குளியலறையும் வேண்டும். குளியலறைக் கதவு மூன்றடி அகலம் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.

படிக்கட்டு தனியே

மாடிப்படி தெருவிலிருந்து நேராக ஏற வேண்டும், கடைக்குள்ளிருந்து வேண்டாம். எண்ணெய் டின், சாக்கு, அட்டைப்பெட்டி நிறைந்த இடம் நம் கடை. இரவில் மின்கசிவால் தீப்பிடித்தால் புகை அந்தப் படி வழியாகத்தான் மேலே ஏறும். மேலே தூங்குகிறவர்களுக்கும் அந்த ஒரு வழிதான். தனிப் படிக்கட்டு நாலடி இடத்தைத் தின்னும் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். படியின் உயரம் ஆறு அங்குலம், கால் வைக்கும் அகலம் பத்து அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் முதியவர்களுக்கும் சிரமமிராது.

மாடியில் மூட்டை வேண்டாம்

வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்ற கணக்கில்தான் பொறியாளர் வடிவமைக்கிறார். 50 கிலோ அரிசி மூட்டை எட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 400 கிலோ. அது உட்காரும் இடமோ அரைச் சதுர மீட்டருக்குச் சற்று கூடுதல். சதுர மீட்டருக்கு 700 கிலோ வந்துவிடுகிறது! சரக்கை மாடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் கம்பி கட்டும் முன்பே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். மிளகாய் வற்றல் வைக்கும் அறையின் ஜன்னலும் படுக்கையறை ஜன்னலும் ஒரே பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னோர் காட்டிய வழி

இது புதிய பாடமல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய நகரத்தார் செட்டிநாட்டில் கட்டிய வீடுகளைப் பாருங்கள். வருவோரைக் கண்டு பேச முகப்பு. அதைத் தாண்டி நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு. மணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே தனி அறை. பின்கட்டுகளில் சாப்பாடும் சமையலும். வியாபாரம் பேச வந்தவர் முகப்போடு திரும்பினார். குடும்பத்தின் அமைதி கெடவில்லை. அவ்வளவு பெரிய மனை நமக்கில்லை. ஆனால் அந்த முறையை இருபதடி மனையிலும் கொண்டுவரலாம்.

கடைசியாக ஒன்று. அஸ்திவாரம் தோண்டும் முன் மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளை முழு அளவில் கோடு போடச் சொல்லுங்கள். கட்டில், பீரோ, அடுப்பு எங்கே என்று குறித்து, குடும்பத்தோடு உள்ளே நடந்து பாருங்கள். தாயாரையும் அழைத்துச் செல்லுங்கள்.

காகிதத்தில் உள்ள கோட்டை அழிக்க ரப்பர் போதும். கட்டிய சுவரை அழிக்கக் கடப்பாரை வேண்டும். கடை நம் பிழைப்புக்கு. அந்தப் பிழைப்பு குடும்பத்துக்கு. வரைபடத்திலும் அந்த வரிசை மாறாதிருக்கட்டும்.