ஓட்டத்தில் பிறக்கும் ஆனந்தம்

பள்ளி மைதானத்தில் 1500 மீட்டர் ஓட்டம் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விசில் ஊதியதும் பலர் அம்பு போலப் பாய்கிறார்கள். இரண்டாம் சுற்றில் மூச்சு இரைக்கிறது, விலாவில் குத்துகிறது. "ஓட்டம் நமக்கு ஒத்து வராது" என்று ஒதுங்கி விடுகிறார்கள். ஆனால் நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களில் சிலர் வேறு கதை சொல்கிறார்கள். அரை மணி நேரத்திற்குப் பிறகு களைப்பு மறைந்து, உடல் இலேசாகி, மனத்தில் இன்பம் பொங்குகிறதாம். இது வெறும் கற்பனையா? உடலில் ஏதேனும் நிகழ்கிறதா?

நமது மூளையே அபினியை ஒத்த வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது என்பதை 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் ஆகியோர் கண்டறிந்தனர். எண்டார்ஃபின் இவ்வகையைச் சேர்ந்தது. ஓடும்போது குருதியில் அது பெருகுகிறது. எனவே, இன்பத்திற்கு அதுவே காரணம் என்று பலர் கருதினர். ஆனால் எண்டார்ஃபின் மூலக்கூறு பெரியது. குருதிக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பை அது எளிதில் கடக்க முடியாது.

1992-இல் ஜெருசலேம் நகர ஆய்வாளர்கள் மூளையில் மற்றொரு பொருளைக் கண்டனர். 'ஆனந்தம்' என்னும் நமக்குப் பழக்கமான சொல்லைக் கொண்டே அதற்கு 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர்! இது கொழுப்பில் கரைவதால் அத்தடுப்பை எளிதில் கடக்கும். ஓட்டத்தின்போது குருதியில் இதுவும் உயர்வது 2003-இல் தெரிய வந்தது.

இவ்விரண்டில் எது காரணம்? 2021-இல் ஜெர்மனியில் 63 பேரை 45 நிமிடம் ஓடச் செய்தனர். ஒரு சாராருக்கு எண்டார்ஃபினின் செயலைத் தடுக்கும் மருந்து தரப்பட்டது. அவர்களும் மற்றவர்களைப் போலவே இன்பம் அடைந்தனர். ஆகவே, எண்டார்ஃபின் இல்லாமலும் அவ்வின்பம் தோன்றும் என்பது தெளிவாயிற்று. ஐயம் ஆனந்தமைடு பக்கம் வலுத்தது.

நமக்குப் பயன் தரும் செய்தி இனிமேல்தான் வருகிறது. மெதுவாக நடந்தாலும் ஆனந்தமைடு அவ்வளவாக உயர்வதில்லை. தலைதெறிக்க ஓடினாலும் உயர்வதில்லை. நடுத்தர வேகத்தில்தான் உயர்கிறது. அதாவது, நாடித்துடிப்பு அதன் உச்ச அளவில் 70 முதல் 80 விழுக்காடு வரை இருக்க வேண்டும். பாய்ந்து ஓடிப் பாதியில் நிற்பவருக்கு இன்பம் ஏன் கிட்டுவதில்லை என்பது இப்போது புரிகிறதல்லவா?

15 வயதில் உச்சத் துடிப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 200. எனவே நமக்கு வேண்டியது 140 முதல் 160 வரை. மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 35 முதல் 40 வரை இருந்தால் வேகம் சரி. ஓடிக்கொண்டே ஒரு சிறு வாக்கியம் பேச முடிய வேண்டும்.

போளூர் மாணவர்கள் இதை ஒரு சோதனையாகவே செய்யலாம். சம்பத்கிரி மலைப் படிகளில் சிறிது தூரம் விரைந்து ஏறி நாடியை எண்ணுங்கள். மறுநாள் சமதளத்தில் மெல்லோட்டம் ஓடி எண்ணுங்கள். எது நடுத்தர அளவு என்பது விளங்கும்.

முதல் வாரம் 10 நிமிடம் போதும். வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டி 30 நிமிடத்தை எட்டுங்கள். உண்டவுடன் ஓட வேண்டாம். மார்வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்துங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். ஆனந்தம் எல்லோருக்கும் எல்லா நாளும் கிட்டுவதில்லை. ஆயினும் நாடி எண்ணிக்கையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடியும் துடிப்பு குறைந்தால், உங்கள் இதயம் வலுப்பெற்று வருகிறது என்று பொருள்.