ஒரே பானையில் மரச்சீனியும் கோழியும்



குழுக் கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போனா மணி ஏழு. அதுக்குப் பிறகு சோறு, குழம்பு, கூட்டு. எல்லாருக்கும் விளம்பி முடிச்சா நமக்கு மிஞ்சுவது வெறும் கிழங்குதான்.

நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தபோது, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கப்படுத்திய பயிர் மரச்சீனி. வயிறு நிறையும், ஆனால் புரதச்சத்து மிகக் குறைவு. அதனால் கோழி சேர்ப்போம்.

தேவை (5 பேருக்கு): கிழங்கு 1 கிலோ, கோழி அரை கிலோ, தேங்காய் அரை மூடி, சின்ன உள்ளி, பூண்டு, நல்லமிளகு, சீரகம், மல்லிப்பொடி, வத்தல்பொடி, மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு.

செய்முறை:

1. கிழங்கைத் தோல் நீக்கி, சிறு துண்டாக்கி, நிறைய தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டவும். கிழங்கில் உள்ள சயனைடு நஞ்சு இப்படித்தான் குறையும். கசக்கிற கிழங்கு வேண்டவே வேண்டாம்.

2. அதே பானையில் உள்ளி, பூண்டு வதக்கி, கோழி, பொடிகள், உப்பு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து நன்றாக வேகவிடவும்.

3. தேங்காய், மிளகு, சீரகம் அரைத்து ஊற்றி, கொதித்ததும் கிழங்கைப் போட்டு அகப்பையால் உடைத்துக் கிளறவும். கறிவேப்பிலை தூவி இறக்கவும்.

கோழி வாங்க முடியாத நாளில் வேகவைத்த சிறுபயறு சேர்க்கலாம்.

கறி தனியா இருந்தா நல்ல துண்டெல்லாம் மத்தவங்க தட்டுக்குப் போயிடும். ஒண்ணா கிளறிட்டா எல்லார் பங்கிலும் வரும். பிள்ளைகளோட சேர்ந்து உட்கார்ந்து, சூடா நீங்களும் சாப்பிடுங்க. கடைசியில் சாப்பிடணும்னு எந்தச் சட்டமும் இல்லை!