டயர் மேல் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கலாம்

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட்டைத் திறக்கும் விதமே தனி. இரு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து மொத்த முகப்பும் முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன் டயர் மேல் சாவகாசமாக உட்கார்ந்து கார்ப்பரேட்டரைக் கழற்றலாம்.

பழைய கார் பிரியர்கள் கூடும் இடத்தில் இந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ‘கடகடவென்று ஆடும், மழை பெய்தால் உள்ளே ஒழுகும், இதெல்லாம் ஒரு தயாரிப்பா?’ என்பது ஒரு கட்சி. ‘எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்டிவிடலாம், வேறென்ன வேண்டும்?’ என்பது மற்றது. இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் காரணமும் ஒன்றுதான்.

பிரிட்டனில் 1953-ல் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பாடி தயாரிப்பு நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிக்கொண்டது. அவர்களிடம் பாடி வாங்கிவந்த ஸ்டாண்டர்டு–ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு, அடுத்த காரான ஹெரால்டுக்கு முழு பாடியை ஒரே துண்டாக அடித்துத்தர ஆள் இல்லாமல் போனது. அதனால் தனிச் சேஸிஸ் போட்டு, பாடியைப் பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலியர் மிக்கெலாட்டி வரைந்த வடிவம் அது. 1959-ல் அங்கே வெளிவந்த அந்தக் கார், 1961-ல் சென்னையை ஒட்டிய ஸ்டாண்டர்டின் வண்டலூர் தொழிற்சாலைக்கு வந்தது. பிரிட்டனில் இரண்டு கதவோடு ஓடிய ஹெரால்டுக்குப் பிற்பாடு இங்கே நான்கு கதவு வைத்தார்கள். குடும்பத்தோடு போகிற ஊருக்கு அது ரொம்பச் சரியான வேலை.

இணைப்புகள் அதிகம் என்பதால் ஆட்டமும் ஒழுகலும் இருந்தன. அடிபட்ட பகுதியை மட்டும் கழற்றி மாற்ற முடிந்ததும் அந்த இணைப்புகளால்தான். தொழிற்சாலையில் எவ்வளவு நெருக்கமாகப் பொருத்தினார்கள் என்பதை மட்டும் வைத்துத் தரத்தை அளப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருபது வருடம் ஓடிக் களைத்த வண்டியை ஒரு சாதாரண பட்டறை மீட்டெடுக்க முடியுமா என்பதும் தரம்தான். அந்தப் பரீட்சையில் ஹெரால்டுக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

ஆனால் கவனிப்பு கேட்கிற வண்டி. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் ட்ரனியன் என்று ஒரு வெண்கலத் துண்டு உண்டு. தண்டின் மரை அதற்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். அதற்குக் கிரீஸா, கியர் ஆயிலா என்பது ஹெரால்டுக்காரர்களின் தீராத வழக்கு. கியர் ஆயில்தான் சரி. கெட்டிப்பட்ட கிரீஸ் மரைக்குள் இறங்காது, தண்ணீர் இறங்கிவிடும். உள்ளே துருப்பிடித்து ஒருநாள் தண்டு முறிந்தால் சக்கரம் மடிந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். சில சொட்டு எண்ணெய்க்குச் சோம்பி உயிரோடு விளையாடக் கூடாது.

பின்பக்கத்து ஸ்விங் ஆக்ஸிலை நம் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை, வண்டிக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை. வேகமாக வளைத்தால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். 1972-ல் வந்த கஸல் மாடலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸில் போட்டது வண்டலூர். பட்டறையின் குறை தொழிற்சாலையின் காதில் விழுந்த நல்ல தருணம் அது.

அந்தக் காது 1985-ல் அடைத்துப்போனது எனக்கு இன்றும் வருத்தம். ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் வந்ததன் பாடி, ரோவர் எஸ்டி1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய, பார்த்தவர் திரும்பிப் பார்க்கும் வண்டி. ரோவரில் 3.5 லிட்டர் வி8 உறுமிய இடத்தில் இங்கே வைத்ததோ பழைய வேன்கார்டு காரின் 1,991 சிசி எஞ்சின். 1940-களின் வடிவமைப்பு, ஃபெர்குசன் டிராக்டர் எஞ்சினுக்கு உறவு. சிலிண்டர் லைனரை உருவி மாற்றிவிடலாம் என்பதால் எஞ்சினைக் குறை சொல்ல மாட்டேன். வேனுக்கு அது போதும். சொகுசு கார் என்று அதிக விலை கொடுத்தவர்களுக்கு மாருதி வந்துவிட்ட காலத்தில் அது எப்படிப் போதும்? 1988-ல் தயாரிப்பு நின்றது. பெருங்களத்தூர் பக்கம் அந்தத் தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று ஐடி கட்டடங்கள்.

விற்காமல் தங்கிய 2000-இன் உதிரிபாகங்களில் பெரும்பகுதியை ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்பேர் வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே எஸ்டி1-ஐப் பாதுகாத்து வைத்திருப்பவர்களுக்கு அவை தேவைப்பட்டன. ஹெரால்டுக்குப் போக்குவரத்து எதிர்த்திசையில். அதே குடும்பத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை ஓட்டுபவர்கள் பிரிட்டனில் நிறைய இருப்பதால், ட்ரனியன்கள் அங்கே இன்னமும் புதிதாகவே கிடைக்கின்றன.