பறிக்கப்பட்ட தாய்மொழி

தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஓசூர்த் தொரப்பள்ளிப் பகுதியில், வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறாயிருப்பதை நாம் காண்கிறோம். கனடாவிலோ வீட்டு மொழி பிள்ளைகளின் நாவினின்றே பறிக்கப்பட்டது. அதில் திருச்சபைக்கும் பங்குண்டு.

அரசு பொருளுதவ, சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் 1,50,000க்கு மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசியோர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் பலர் பெற்றோரானபின், தம் மக்களுக்கு அம்மொழியைக் கற்பிக்க அஞ்சினர்.

ஆங்கிலிக்கன் சபை 1993இலும் ஐக்கிய சபை 1998இலும் மன்னிப்புக் கேட்டன. மொழி மீட்பை அம்மக்களே நடத்துதல் சிறந்ததென 2015இல் உண்மை, ஒப்புரவு ஆணையம் கூறிற்று.

பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் மொழிகளை ஒன்றாக்கவில்லை. அவரவர் மொழியிலேயே கேட்கச் செய்தார். ஆகவே, தேன்கனிக்கோட்டை மலைகளின் இருளர் பிள்ளைகள் நம் விடுதிக்கு வருங்கால், அவர்தம் மொழிக்கு முதலில் செவிகொடுக்கக் கடவோம்.