மூணு படையும் ஒரே வகுப்பில்!



நம் நாட்டில் தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மூன்று படைகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மூன்று படை அதிகாரிகளும் ஒரே கல்லூரியில் ஒன்றாகப் படிக்கிறார்கள் என்பது தெரியுமா? அப்படி இரண்டு கல்லூரிகளைப் பற்றி எழுதுகிறேன். அதில் ஒன்று நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கு.

ஏன் சேர்ந்து படிக்கணும்?

ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போற அண்ணன், அக்காக்களைக் கேட்டுப் பாருங்க. பாடி செய்யற இடம் வேற, பெயிண்ட் அடிக்கிற இடம் வேற. ஒரு இடத்தில் வேலை தாமதமானால் அடுத்த இடத்தில் லைன் நின்னுடும். படைகளும் அப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், தாம்பரம் எல்லாம் மூழ்கினப்போ மூன்று படையும் மீட்புக்கு வந்தன. சென்னை விமான நிலையத்தை மூடியபோது அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ஓடுபாதையில்தான் பயணிகள் விமானங்கள் இறங்கின. ஆபத்து நேரத்தில் ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்குப் புரியணும். அதுக்குத்தான் முதலிலேயே சேர்ந்து படிக்கிறார்கள்.

தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.)

இது மகாராஷ்டிராவில் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. 1949-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1955-ல் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நம் வீரர்கள் செய்த உதவிக்கு நன்றியாக சூடான் நாடு பணம் கொடுத்தது. அதனால் முக்கியக் கட்டடத்துக்கு 'சூடான் பிளாக்' என்று பெயர். இங்கே மூன்று வருடம் எல்லாரும் ஒன்றாகப் படித்துப் பட்டம் வாங்குவார்கள். அப்புறம்தான் தரைப்படைக்கு டேராடூன், கடற்படைக்கு எழிமலா, விமானப்படைக்கு துண்டிகல் என்று பிரிந்து போய்ப் பயிற்சி எடுப்பார்கள்.

வெலிங்டன் கல்லூரி

இது ஊட்டி போற வழியில் குன்னூர் பக்கத்தில் இருக்கிறது. பெயர் பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரி. பிரிவினைக்கு முன் இது குவெட்டாவில் இருந்தது. 1947-ல் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால் நம் நாட்டுக்கென்று வெலிங்டனில் தொடங்கினார்கள். சில வருடம் வேலை பார்த்த அதிகாரிகள் திரும்பவும் மாணவராக வந்து படிக்கும் இடம் இது. வெளிநாட்டு அதிகாரிகளும் வருவாங்க. கல்லூரிச் சின்னத்தில் ஆந்தை இருக்கும். நம்ம ஊரில் ஆந்தை கத்தினால் பயப்படுறோம். அங்கே அது அறிவின் அடையாளம்! 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இந்தக் கல்லூரிக்கு வரும் வழியில்தான் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்.

பெண்கள் சேரலாமா?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பல வருடமாக என்.டி.ஏ.வில் ஆண்களை மட்டுமே சேர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பெண்களும் தேர்வு எழுதலாம் என்று உத்தரவு போட்டது. 2022-ல் 19 பெண்கள் சேர்ந்தார்கள். 2025 மே 30 அன்று முதல் அணியில் 17 பேர் படிப்பை முடித்து அணிவகுத்து வந்தார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மிலிட்டரி?" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

என்ன செய்யணும்?

* 12-ம் வகுப்பு படிக்கும்போதே எழுதலாம். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள். வருடத்துக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை.
* கணக்கு 300 மார்க், பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்து 600 மார்க். வினாத்தாள் தமிழில் கிடையாது. அதனால் ஆங்கிலத்தை இப்பவே பிடிச்சுக்கணும்.
* கடற்படை, விமானப்படைக்கு 11-ல் கணிதம், இயற்பியல், வேதியியல் இருக்கும் குரூப் எடுக்கணும். தரைப்படைக்கு எந்த குரூப்பும் சரி, ஆனால் கணக்குத் தேர்வு எல்லாருக்கும் உண்டு.
* எழுத்துத் தேர்வில் தேறினால் சில நாள் நேர்முகத் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் நடக்கும்.
* பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் அரசுச் செலவு.

இதில் கிடைக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். டிகிரி முடித்துவிட்டு சென்னை பறங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு முயற்சி பண்ணலாம். அங்கே 1992 முதலே பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள்.

கணக்கு வராது என்று குரூப்பை மாற்ற நினைக்கும் தோழிகளே, ஒரு தடவை யோசிங்க. கதவு திறந்து இன்னும் கொஞ்ச வருடம்தான் ஆகுது. 9-ம் வகுப்பில் இருக்கும் நமக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கு. அது போதும்!

ஜெய்ஹிந்த்!

— 9-ம் வகுப்பு மாணவி, வடக்குப்பட்டு