கடைமடைச் செல்லுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன்?

ரத்தசோகை உள்ள ஒருவர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பாருங்கள். 98 என்று காட்டும். ஆனால் அவர் அம்பத்தூர் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில் ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். கருவி பொய் சொல்லவில்லை. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்ஸிஜனால் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது, செல்வரை ஆக்ஸிஜன் போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் வேறு கணக்கு.

அந்தக் கணக்கை முதலில் போட்டவர் டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக். ரத்தத்திலிருந்து திசுவுக்கு ஆக்ஸிஜனைத் தள்ளிவிட எந்தப் பம்பும் கிடையாது. அது தானாகப் பரவித்தான் போகிறது. தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பது பரவலின் விதி. 20 மைக்ரோமீட்டர் கடக்கச் சுமார் பத்தில் ஒரு நொடி. 1 மில்லிமீட்டருக்கு நான்கு நிமிடம். 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மாதம்! தசைக்குள் தந்துகிகள் எனும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அவ்வளவு நெருக்கமாக ஓடுவது இதனால்தான்.

ஒவ்வொரு தந்துகியையும் சுற்றி ஓர் உருளை வடிவத் திசு இருப்பதாகவும், அதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் அந்தத் தந்துகியிலிருந்து மட்டுமே வருவதாகவும் குரோக் வைத்துக்கொண்டார். சமன்பாட்டை வகுத்துத் தந்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணிதர் அக்னர் எர்லாங். தொலைபேசி இணைப்புகளில் ஏற்படும் நெரிசலைக் கணக்கிட்டவரும் அவரேதான். அடிப்படை யோசனை அழகானது: உருளைக்குள் எந்த வளையத்தை எடுத்தாலும், அதைக் கடந்து வெளியே போகும் ஆக்ஸிஜன், அதற்கு அப்பாலுள்ள திசுவின் செலவுக்குச் சமம். இந்த ஒரு வரியிலிருந்தே முழுச் சமன்பாடும் பிறக்கிறது. 1919இல் இது வெளியானது; மறு ஆண்டே, தந்துகிகள் பற்றிய கண்டுபிடிப்புக்காகக் குரோக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மதகடி வயலுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். உருளையின் கடைமடை, தந்துகி முடியும் முனையில், அதன் சுவரிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் ஓரம். ஆக்ஸிஜன் அழுத்தம் அங்கேதான் மிகக் குறைவு என்று சமன்பாடு காட்டுகிறது.

இப்போது படி ஏறியவரிடம் வருவோம். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் அது சுமப்பது சுமார் 20 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன். ஓய்வில் உடல் எடுத்துக்கொள்வது சுமார் 5, மீதி 15. ஹீமோகுளோபின் 9 கிராம்தான் என்றால் சுமை 12, மீதி வெறும் 7. ரத்தம் அதே வேகத்தில் ஓடினால் தந்துகியின் கடைசி முனையில் அழுத்தம் நன்றாகச் சரிந்துவிடும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. அந்தப் படபடப்பு இதுதான். ஓய்விலேயே கையிருப்பு பெரிதும் கரைந்துவிட்டதால், படி ஏறும்போது தசை கூடுதலாகக் கேட்கும் ஆக்ஸிஜனுக்கு அதிக இடமில்லை.

உண்மையான தந்துகிகள் நேர்கோட்டில் ஓடுவதில்லை, பக்கத்துத் தந்துகிகளும் உதவிக்கு வரும். பின்னால் வந்தவர்கள் இவற்றையெல்லாம் சேர்த்தார்கள். ஐ.ஐ.டி. டெல்லியில் மைதிலி சரணும் எம்.பி. சிங்கும் ரத்தத்தின் ஆக்ஸிஜன் கணக்குக்கு மாதிரிகள் உருவாக்கினார்கள். ஆனாலும் குரோக்கின் உருளைதான் இன்றும் தொடக்கப் பாடம்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. தொழிற்பேட்டையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்கள் சோர்வு என்று சொன்னால், ஆக்ஸிமீட்டரோடு விட்டுவிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை.